மூடியில் முடியும் காரியம்

வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் நான்கு பேர் கூடினால் மால்ட்டைப் பற்றிப் பேசுவார்கள். ஹாப்ஸின் கசப்பைப் பற்றிப் பேசுவார்கள். ஈஸ்ட்டின் குணாதிசயங்களை நெருங்கிய உறவினரின் குணாதிசயங்களைப் போல விவரிப்பார்கள். மூடியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. நாற்பது புட்டிகளில் ஒன்பது பாழான ஓர் இரவுக்குப் பிறகு, இந்த மௌனம் பிழையானது என்ற முடிவுக்கு நாங்கள் வந்திருக்கிறோம்.

நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கும் நண்பர்கள் மூவர். இந்நாட்டில் வீட்டில் பியர் காய்ச்ச 1963 வரை உரிமம் தேவைப்பட்டது. அவ்வாண்டு அத்தேவை நீக்கப்பட்டது. விற்காதவரை, தனக்கும் நண்பர்களுக்குமாக ஒருவர் காய்ச்சிக்கொள்ளலாம். (தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் இதற்கு இடம் தருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அவ்வாறு காய்ச்சிய 20 லிட்டரை அரை லிட்டர் புட்டிகளில் நிரப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, விருந்தினர் முன் திறந்தோம். முதலிரண்டு புட்டிகள் சீறின. மூன்றாவது வாய் பேசவில்லை. தேநீர் ஆறியதைப் போன்ற ஒரு திரவம் கோப்பையில் விழுந்தது.

முதலில் சர்க்கரையைக் குறை சொன்னோம். பிறகு ஈஸ்ட்டை. பிறகு, வழக்கம்போல, ஒருவரையொருவர். மறுநாள் காலியான புட்டிகளைக் கழுவும்போதுதான் விஷயம் விளங்கியது. வாய் பேசாத ஒன்பதும் ஒரே இனத்தவை: கழுத்தில் திருகு வரிகள் கொண்டவை, இலவசமாகக் கிடைத்தனவென்று சேர்த்து வைத்தவை. எங்கள் மூடிகள் அவற்றை ஒருபோதும் பற்றியிருக்கவில்லை.

நாம் சோடா மூடி என்றழைக்கும் இப்பொருளுக்கு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்றார். அன்று அதற்கு 24 பற்கள், இன்று 21. அன்று உட்புறம் மெல்லிய தக்கை வட்டு. இன்று மென்மையான பிளாஸ்டிக் படலம். பலரும் நினைப்பதுபோல் உலோகம் புட்டியை அடைப்பதில்லை. அடைப்பது அந்தப் படலம்; கண்ணாடி விளிம்பின்மீது அதை அழுத்திப் பிடித்திருப்பது மட்டுமே உலோகத்தின் வேலை. விளிம்பில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தாலும், பற்கள் ஒருபுறம் சரியாக மடியாவிட்டாலும், வாயு வழி கண்டுபிடித்துவிடும்.

கோலி சோடாவோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் உருவாக்கிய அந்தப் புட்டியில், உள்ளிருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி வாயிலைக் காக்கிறது. கைதியே காவலன். சோடா மூடியில் நிலைமை நேர்மாறு. வாயு அல்லும் பகலும் மூடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு ஏறக்குறைய நிகரான அழுத்தம் அது. எதிர்த்து நிற்பவை, நம் கை மடித்த 21 பற்கள் மட்டுமே.

எனவே எங்கள் கருத்து இதுதான்: சிக்கனம் காட்ட வேண்டிய இடம் மூடியல்ல. புட்டிகளைத் தாராளமாக மறுபடி பயன்படுத்துங்கள். ஆனால் திருகு வரி உள்ளவற்றை ஒதுக்குங்கள். விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஒருமுறை பிடுங்கிய மூடியை நிமிர்த்தி மறுபடி போடுவது வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கு முழுவதிலும் புதிய மூடியைவிட மலிவானது எதுவுமில்லை. இரு கைப்பிடிக் கருவியைவிட, மேசைமேல் நிற்கும் நெம்புகோல் கருவியையே நாங்கள் பரிந்துரைப்போம். அது நேராக இறங்குகிறது, புட்டியின் கழுத்தைப் பற்றி நெரிப்பதில்லை. மூடியபின் விரல்களால் திருகிப் பாருங்கள். சுழன்றால் அது மூடியல்ல, தொப்பி. கம்பிக் கொக்கியும் பீங்கான் மூடியும் கொண்ட புட்டிகளை விரும்புவோருடன் எங்களுக்கு வழக்கில்லை. அவற்றின் ரப்பர் வளையம் வெடித்துக் காய்ந்ததும் மாற்றிவிட வேண்டும், அவ்வளவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கசியும் மூடி அவசரக்காரனை மன்னித்துவிடும். நல்ல மூடி மன்னிக்காது. நொதித்தல் முடியுமுன் புட்டியில் அடைத்தாலோ, லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் போதுமான இடத்தில் சர்க்கரையைக் கண்ணளவில் கொட்டினாலோ, ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ அரை கிராம் வாயுவாக மாறும். மூடி உறுதியாக நிற்கும், கண்ணாடி உடையும். அலமாரியில் இருப்பது அதன்பின் பானமல்ல, வெடிபொருள். அதன் அருகே குழந்தைகள் நடமாடுவார்கள். ஆகவே ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணை, அதுவும் எதிர்பார்த்த இறுதி எண்ணைக் காட்டும்வரை மூடிக் கருவியைத் தொடாதிருப்பதே முறை.

கடைசி மெய்ப்பைப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிய சிற்றிதழின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆறு மாத உழைப்பு, அட்டையிலேயே எழுத்துப்பிழை. களைத்த கைதான் இறுதி வேலையைச் செய்கிறது என்பதே சிக்கல். நாற்பதாவது புட்டியையும் முதலாவதைப் போலவே மூடுவது பெரிய கலையொன்றுமில்லை. ஆனால் அதைச் செய்யாதவரின் கலை, எவ்வளவு பெரிதானாலும், புட்டியில் தங்குவதில்லை.