ஒலிவாங்கி ஒன்று போதும். குரல் ஒன்றுபட வேண்டும்

ஆலயத் திருவிழாவில் மாலைப் பூசை நிறைவுற்றதும் தேவார வகுப்புப் பிள்ளைகள் பாட அமர்வது சுங்கை பினாங் வட்டாரப் பக்தப் பெருமக்கள் நன்கறிந்த காட்சியாகும். பத்துப் பிள்ளைகள், ஓர் ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், ஓரிணைத் தாளம். அவர்கள் முன்னே ஐந்தாறு ஒலிவாங்கிகள். பாடல் தொடங்கியதும் முன்னிருக்கும் பிள்ளையின் குரல் ஓங்குகிறது, பின்வரிசை மறைகிறது, மிருதங்கம் சொற்களை விழுங்குகிறது, இடையிடையே ஒலிபெருக்கி வீறிடுகிறது. வாரந்தோறும் பயின்ற பிள்ளையின் குரல் பெற்ற தாயின் செவிக்கும் எட்டாமற் போகிறது.

ஒலிவாங்கிகளைக் கூட்டுவதால் இக்குறை நீங்காது. ஒரே குரல் இரண்டு ஒலிவாங்கிகளுக்குள் சிறு கால வேறுபாட்டுடன் நுழையும்போது அதன் சில பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. அன்றியும், திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்தோறும், வீறிடல் நேராமல் ஒலியைக் கூட்டக்கூடிய அளவு ஏறத்தாழ 3 டெசிபல் குறைகிறது.

ஒரே கருவியைச் சூழ்ந்து பாடுவது புதிய வழக்கமன்று. 1925-ஆம் ஆண்டில் மின்முறை ஒலிப்பதிவு வரும்வரை, இசைத்தட்டுக்குப் பாடியோர் பெரும்பாலும் ஒரே ஊதுகுழலின் முன் நெருங்கி நின்றே பாடினர். உரத்த வாத்தியம் தள்ளி நின்றது. மென்குரல் முன்னே நின்றது. அமெரிக்காவின் நாஷ்வில் நகர வானொலி மேடையில் 1940-களில் பில் மன்றோ குழுவினர் ஒரே ஒலிவாங்கியைச் சூழ்ந்து நின்றனர். தனித்துப் பாடுபவர் ஓரடி முன்வருவார், முடித்ததும் விலகுவார். தமிழகத்துப் பஜனை மரபில், திவ்யநாமத்தின்போது நடுவே குத்துவிளக்கை ஏற்றி அதனைச் சுற்றி வந்து பாடுவர். கூட்டுப் பாடலுக்கு ஒரு நடுவிடம் வேண்டும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

எத்தகைய ஒலிவாங்கியைத் தேர்வது? கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை வாய்க்கு அருகில் நன்கு உழைக்கும். நான்கடித் தொலைவில் தளர்ந்துவிடும். குழுவுக்கு ஏற்றது கண்டென்சர் வகை. அதற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் தேவை. ஒலிக்கலவைப் பெட்டி அதனை வழங்குமா என்பதை முன்னரே கேட்டறிதல் நலம். எல்லாத் திசையும் கேட்கும் வகை ஒலிப்பதிவுக்கு நன்று. ஆனால் ஒலிபெருக்கியுள்ள மண்டபத்தில் எளிதில் வீறிடும். முன்புறம் கேட்டுப் பின்புறம் தவிர்க்கும் கார்டியாய்டு வகையே இங்குப் பொருந்தும்.

கருவியினும் அமர்வு முறை முக்கியம். பிள்ளைகள் அரைவட்டமாக, ஒலிவாங்கியிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் அமர வேண்டும். தொலைவு இருமடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் தாழும். ஆகவே மென்குரல் பிள்ளை ஒரு சாண் முன்னும், மிருதங்கம் நன்கு பின்னும் அமைதல் வேண்டும். ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கிக்கு முன்னால், மக்களை நோக்கி இருத்தல் வேண்டும். விழாவுக்கு முன்தினம் ஒரு பாடலேனும் பாடிச் சோதிப்பது கடமையாகும். பினாங்கின் ஈரக்காற்றும் சாம்பிராணிப் புகையும் கண்டென்சர் கருவிக்கு ஆகா; பயன்பட்டபின் ஈரமுறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும்.

இம்முறை எல்லா இடத்திற்கும் பொருந்தாது. வாகன இரைச்சல் மிகுந்த தெரு ஊர்வலத்தில் தனித்தனி ஒலிவாங்கியே உதவும். நாதஸ்வரமும் தவிலும் சிறு மண்டபத்தில் ஒலிபெருக்கியின்றியே நிறைந்து ஒலிக்கும்.

உபயகாரர்கள் மனமுவந்து அளிக்கும் வெள்ளி வாடகைக் கருவிகளின் எண்ணிக்கையைப் பெருக்கச் செலவாவதைவிட, தரமான ஒன்றுக்குச் செலவாவது பொருந்தும். ஆலயத்தைச் சூழ்ந்த அடுக்குமாடி வீடுகளில் பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயுற்ற முதியோரும் உள்ளனர். பேரொலி அவர்களுக்குத் துன்பம்.

ஒரே ஒலிவாங்கியின் முன் அமரும் பிள்ளை தன் குரலை மட்டும் உயர்த்த இயலாது. அருகிலுள்ளவரின் குரலைக் கேட்டே பாட வேண்டும். அப்பழக்கம் வந்துவிட்டால், கடைசி வரிசைச் சிறுமியின் குரலும் கருவறை வாயில்வரை சென்று சேரும். வரும் திருவிழாவில் ஆலயப் பொறுப்பாளர்கள் இதனை ஒருமுறை முயன்று பார்ப்பார்களாக.