சிப்பி திறந்த கை

ஜொகூர் பாரு பசார் மாலாமில் கெராங் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு ஜாவா மனிதன் நினைவு வரும். 1891இல் யூஜின் டுபுவா டிரினிலில் கண்டெடுத்த ஹோமோ எரெக்டஸ் அவன். கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் ஜாவாவும் நம் ஜொகூரும் ஒரே நிலம்தான்!

அங்கே கிடைத்த ஆற்றுச் சிப்பி ஓடுகளில் சிறு துளைகள். தசை ஒட்டியிருக்கும் இடமாகப் பார்த்து, சுறாப் பல்லால் துளைத்திருக்கிறார்கள் என்கிறது 2014இல் வெளிவந்த ஆய்வு. தசை அறுந்தால் சிப்பி வாய் திறந்துவிடும். சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மூளை அது!

அத்தனை சாமர்த்தியசாலிகளும், 1 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு திறந்தவெளி மழைக்காடாக மாறியபோது மறைந்துபோனார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சோறு போட்ட நிலம் மாறினால் சாமர்த்தியம் மட்டும் போதாது.

நம் கெராங் வளரும் கடலோரச் சேறு பத்திரமாக இருக்கிறதா? இன்று பசியாறும்போது பிள்ளைகளோடு பேசிப் பாருங்களேன்.