ஆமைக்கும் ஒரு கரை வேண்டும்

சொந்த மண்ணை விட்டு ஓடியவர்களுக்கே அந்த மண்ணின் அருமை தெரியும். நாயாறு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களாகிய நாம் 1984 இல் வெளியேறினோம். போர் 2009 இல் முடிந்த பின்னரே எம்மில் பலர் திரும்பினோம்.

அதே 1984 இல் முட்டையிலிருந்து வெளிவந்து கடலில் இறங்கிய பேராமைக் குஞ்சொன்று உயிர் தப்பியிருந்தால், அதுவும் ஏறக்குறைய நாம் திரும்பிய காலத்திலேதான் முதன்முதலாக முட்டையிடக் கரையேறியிருக்கும். பேராமை பருவமடைய 20, 30 ஆண்டுகள் செல்லும். வளர்ந்த பின் தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடியே அது வருகிறது.

அப்படி வரும் ஆமைக்கு நாம் செய்வதென்ன? ரோச் லைற் அடித்துப் பார்க்கிறோம். சுற்றி நின்று ஆரவாரம் செய்கிறோம். மருண்ட ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். இட்டாலும், நூறளவிலான அம்முட்டைகளை நாயும் பன்றியும் மனிதரும் தோண்டி எடுப்பதுண்டு. சுமார் இரண்டு மாதத்தில், இரவு வேளையில் வெளிவரும் குஞ்சுகள் கடற்பக்கத்து வெளிச்சத்தை நோக்கி ஓடும் இயல்புடையன. கரையில் வாடி விளக்கு எரிந்தால் அவை தரைப்பக்கம் போய் மடிந்துவிடும்.

"பசித்த வயிற்றுக்குச் சட்டம் பேசலாமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். இடம்பெயர்ந்த காலத்தில் கிடைத்ததை உண்டு உயிர் காத்தவர்கள் நாம். 1972 முதல் கடலாமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தும் முட்டை எடுப்பது நிற்காமைக்கு வறுமையும் ஒரு காரணமே. ஆனால் தெற்கே, தங்காலைக்கு அருகிலுள்ள றெக்கவயில் 1996 இல் ஒரு வழி காணப்பட்டது. முட்டை எடுத்து விற்று வந்தவர்களையே சம்பளம் கொடுத்து ஆமைக் கூடுகளுக்குக் காவலராக்கினார்கள். இரவில் கரையை நன்கு அறிந்தவர்கள் அவர்களே அல்லவா?

இது எமக்கும் பொருந்தும். 2017 இல் நாயாற்று நீரேரிப் பகுதி இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, வயலும் தொழிலும் பறிபோகுமோ என்ற அச்சமே எழுந்தது. மக்களை விலக்கி வைக்கும் பாதுகாப்பு நிலைக்காது. காவற் பொறுப்பும் அதற்கான ஊதியமும் கரையோரக் குடும்பங்களின் கைக்கு வரவேண்டும். இதை அதிகாரிகளிடம் ஒன்றுசேர்ந்து கேட்போம்.

அதுவரை எம்மால் இயன்றதைச் செய்வோம். கடலைப் பார்த்து எரியும் விளக்கை அணைப்போம். இரவில் நாய்களைக் கட்டி வைப்போம். ஆமையைக் கண்டால் எட்ட நிற்போம். வலையில் சிக்கியதை உயிருடன் விடுவோம். திரும்பி வருவதன் அருமையை அறிந்த நாம், திரும்பி வரும் இன்னோர் உயிரை விரட்டலாகாது.