பிஷப் நாற்காலிக்கு ஒரு தந்தி

பதவி உயர்வு என்றால் நமக்கு ‘புரமோஷன்’தான். ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு கனத்த சொல் உண்டு: ‘பிரிஃபர்மென்ட்’. பேச்சில் காதில் விழாது. பழைய நாவல்களிலும் இங்கிலாந்துத் திருச்சபை வட்டாரத்திலும் பார்க்கலாம். ‘பிரிஃபர்’ என்ற வினையில் பிறந்ததால், ஏறியவரைவிட ஏற்றிவிட்டவரின் விருப்பமே அதில் முன்னால் நிற்கிறது. நடப்பும் அப்படித்தான் இருந்தது. ஊர்க் குருவானவரை நியமிக்கும் உரிமை பல இடங்களில் நிலப்பிரபு கையில்; அதை நிலம்போலவே விற்றார்கள், வாங்கினார்கள். பிஷப் ஆக வேண்டுமானால் பிரதமர் மனம் வைக்க வேண்டியிருந்தது. திருச்சபை தரும் இரண்டு பெயர்களில் ஒன்றைப் பிரதமர் பொறுக்கும் வழக்கம் 2007 வரைகூட இருந்தது.

இந்தச் சொல்லுக்கு நல்ல உரை ஆந்தனி டிராலோப் 1857-இல் வெளியிட்ட ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவல். கிழ பிஷப் சாகக் கிடக்கிறார். கட்டிலருகே மகன் கிராண்ட்லி, அவரும் பாதிரியார்தான். ஆட்சியில் இருப்பவர்கள் வேண்டியவர்கள், ஆகவே அப்பாவின் நாற்காலி தனக்கே என்று நம்பிக்கை. ஆனால் ஆட்சி இன்றோ நாளையோ கவிழ்ந்துவிடும். அப்பா சீக்கிரம் போனால் பதவி, இழுத்துக்கொண்டே கிடந்தால் இல்லை. ‘இவர் சாகணும்னா நினைக்கிறேன்?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு, வெட்கி, மண்டியிட்டு ஜெபிக்கிறார். உயிர் பிரிகிறது. அழுகையும் நிஜம், சாவுச் செய்தியை லண்டனுக்குத் தந்தி அடிக்கிற அவசரமும் நிஜம். டிராலோப் அவரை வில்லனாக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. தந்தி லண்டன் சேர்வதற்குள் ஆட்சி போய்விட்டது. நாற்காலி வேறொருவருக்கு.

பதவி உயர்வு டிராலோப்புக்குச் சொந்தக் கதையும்கூட. அவர் தபால் துறை அதிகாரி. அரசுப் பணிகளில் சிபாரிசை ஒழித்துத் தேர்வு வையுங்கள், தகுதி பார்த்து உயர்த்துங்கள் என்று நார்த்கோட்டும் டிரெவெலியனும் 1854-இல் அறிக்கை கொடுத்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. ‘தி த்ரீ கிளார்க்ஸ்’ நாவலில் டிரெவெலியனைச் சர் கிரிகரி ஹார்ட்லைன்ஸ் என்று பெயர் மாற்றிக் கிண்டலடித்தார். (அந்த டிரெவெலியன்தான் 1859-இல் சென்னை மாகாண கவர்னராக வந்து, வருமான வரியை எதிர்த்ததற்காக மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டவர்.) டிராலோப் கட்சி சீனியாரிட்டி. 1864-இல் துறைச் செயலாளருக்கு அடுத்த இடம் காலியானது. செயலாளராகியிருந்தவர் அவருடைய மைத்துனரே. டிராலோப் விண்ணப்பித்தார். கிடைத்ததோ அவருக்கு ஜூனியரான ஸ்கடமோருக்கு. ஓய்வூதிய வயது வரும்வரை காத்திராமல், 1867-இல் ராஜினாமா செய்தார்.