குளக்கரையில் ஒரு நடை

பாலக்காட்டிலிருந்து காலை ரயிலில் கோவைக்கு வேலைக்குச் செல்லும் குமாஸ்தாக்களும் மில் தொழிலாளர்களும் போத்தனூரைத் தாண்டியதும் வாலாங்குளத்தைப் பார்க்கிறார்கள். ரயில் பாதையே குளத்தின் ஊடாகத்தான் செல்கிறது. மார்கழி, தை மாதங்களில் கோவைக் குளங்களுக்கு வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் ஆசியாவின் வடகோடியிலிருந்து கூட வருபவை என்பது அந்தப் பெட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கு அதற்குள் இறங்கும் அவசரம்!

இடுக்கித் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இத்தகைய விருந்தாளி உண்டு. செப்டம்பர் வாக்கில் தேயிலைக் காட்டு ஓடைகளில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டி, இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிறது.

கோவையில் இயற்கை ஆர்வலர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளக்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டுகிறார்கள். வரவேற்கத்தக்க முயற்சி. விவரம் தெரிந்தவர் ஒருவர் அருகில் நின்று சொல்லும்போதுதான் குளம் என்பது வெறும் தண்ணீர் அல்ல என்று விளங்குகிறது. உள்ளான் ஈரச் சேற்றில் அலகை நுழைத்துப் புழு தேடும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து ஆழமில்லாத நீரில் மேயும். கரை முழுவதும் கல் பதித்து, குளத்தையும் ஆழமாகத் தோண்டிவிட்டால் இரண்டுக்கும் பிழைப்பில்லை.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதையும் விளக்குகளும் அமைந்துள்ளன. மாலையில் குடும்பத்தோடு உலாவ இடம் கிடைத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு பக்கக் கரையையாவது சேறாகவும் இருட்டாகவும் விட்டுவைக்க வேண்டும். சிங்காநல்லூர்க் குளத்தை 2017இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த மாநகராட்சிக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்திலும் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் 2008லிருந்தே இருக்கிறது.

இத்தகைய நடைகளில் ஆங்கிலப் பெயர்களே அதிகம் புழங்குவது ஒரு குறை. பறவையைப் பேணுவது நம்மவருக்குப் பிறர் கற்றுத்தர வேண்டிய பாடமா? சிவகங்கை மாவட்டத்தில், 1977இல் சரணாலயமான வேட்டங்குடியைச் சுற்றியுள்ள கிராமத்தார் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும் பறவைகளை யாரும் விரட்டுவதில்லை. அந்தப் பக்கங்களிலிருந்து மலையேறிய குடும்பங்கள் இடுக்கியில் எத்தனையோ!

1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு முந்திய ஒரு ஞாயிறன்று, பாலக்காட்டு ரயில் வந்து சேரும் நேரத்தை அனுசரித்து, தமிழில் ஒரு நடையை ஆர்வலர்கள் ஏற்பாடு செய்யட்டும். எல்லைப்புறத் தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஆட்களைத் திரட்டித் தரலாம். கட்டணம் கூடாது. பைனாகுலர் ஒன்றிருந்தால் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.