ஓடிப் பார்த்தால் தெரியும் சென்னை



ஏம்பலம் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை போகும் பிள்ளைகளுக்கு அந்த ஊர் என்றால் அறை, மின்சார ரயில், அலுவலகம், அவ்வளவுதான். மராத்தான் பயிற்சிக்கு விடியற்காலையில் மெரினாவில் இறங்குபவர்களுக்கோ அது வேறு ஊர்.

நேப்பியர் பாலத்திலிருந்து தெற்கே ஓடினால், 1959இல் நிறுவிய உழைப்பாளர் சிலை. சிற்பி ராய் சௌத்ரி வடித்தது. 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். மூச்சு வாங்க இன்னும் கொஞ்சம் போனால் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைக்க 1842இல் கட்டிய கிடங்காம் அது! பஸ்ஸில் போகிறவர் கண்ணில் இதெல்லாம் எங்கே படுகிறது?

ஓடிப் பார்க்க வண்டியில்லாத சாலை வேண்டுமே. எங்கள் புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளுக்குத் தடை. அதுபோல மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையின் ஒரு பக்கத்தையாவது ஞாயிறு காலையில் ஓடுபவர்களுக்கு விட்டால் என்ன?

- வாசகர், ஏம்பலம், புதுச்சேரி