உமர் ஆடிய இன்னொரு ஆட்டம்

கோட்டுகாலில் பந்து என்றால் கால்பந்துதான். நெய்யாற்றங்கரை தாலுகாவின் இந்தக் கடலோர ஊரிலிருந்து தெற்கே போனால் பொழியூர். சந்தோஷ் டிராஃபிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிப் பழகிய மீனவர் ஊர். மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் இந்தக் கரையில், முட்டை வடிவப் பந்தைக் கொடுத்தால் பையன்கள் சிரித்துவிடுவார்கள். கரமடி இழுக்கும் தோள்களுக்கு ரக்பி பொருத்தமான ஆட்டம் என்பது வேறு விஷயம்.

ராகுல் போஸின் முகம் மட்டும் இங்கேயும் தெரிந்ததுதான். 2013இல் வந்த 'விஸ்வரூபம்' படத்தில் கமலை மிரட்டிய உமர். அவர் பத்தாண்டுகள் இந்தியாவுக்காக ரக்பி ஆடியவர் என்றால்தான் புருவம் உயரும்.

1998இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய ரக்பி அணி முதல் முறையாக சர்வதேசக் களத்தில் இறங்கியது. அந்த அணியில் போஸ் இருந்தார். அப்போதே முப்பதைத் தாண்டியவர். 'இங்கிலீஷ், ஆகஸ்ட்' வெளிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முகத்தை நம்பிப் பிழைக்கும் ஒருவர், மூக்கு உடையும் ஆட்டத்துக்குப் போனார்.

இத்தனைக்கும் ரக்பி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1872 கிறிஸ்துமஸ் தினத்தன்றே கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஆடிவிட்டார்கள். அவர்கள் தொடங்கிய கிளப் சில வருடங்களில் நொடித்தது. (இலவச மது நின்றதும் உறுப்பினர்களும் நின்றுவிட்டார்கள் என்று சொல்வதுண்டு.) வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிடிகளுக்கு நாகப்பாம்பு, மூடியில் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான் மோதுகின்றன. ரூபாய் கொடுத்த தேசத்தின் அணி வெளியே வர 126 வருடங்கள் ஆயின.

போஸ் ஆடியது ஸ்க்ரம் ஹாஃப், வலது விங் ஆகிய இடங்களில். இரு தரப்பிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் முட்டித் தள்ளுவது ஸ்க்ரம். அதன் காலடியிலிருந்து பந்தைப் பொறுக்கி, எதிராளி மேலே விழுவதற்குள் கைமாற்றுவது ஸ்க்ரம் ஹாஃபின் வேலை. பருமன் வேண்டாம், பயம் இருக்கக் கூடாது.

உலக ரக்பியின் பெரிய பெயர்களோடு அவரை யாரும் சேர்க்கப் போவதில்லை. இந்தியா அந்த வரிசையில் இருந்த நாடும் அல்ல. ஆனால் கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் தலை திருப்பாத நாட்டில், 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' நாயகனைப் பேட்டி காண வந்தவர்கள் ரக்பி பற்றியும் எழுத வேண்டியதாயிற்று. அவர் போட்ட கோல்களைவிட, தப்பு, ட்ரைகளைவிட (ரக்பியில் கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் அழுத்துவதற்கு அதுதான் பெயர்) அது பெரிய உதவி.

2009 பருவத்தில் ஆட வரமாட்டேன் என்று 2008இல் அறிவித்தபோது வயது நாற்பதுக்கு மேல். 2022இல் இந்திய ரக்பி சங்கத்தின் தலைவரானார். 2025இல் மும்பையில் ஏழு பேர் ஆடும் ரக்பி பிரீமியர் லீக் முதல் முறையாக நடந்தது. பட்டத்தை வென்றது சென்னை புல்ஸ். சென்னையிலேயே எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கதை.